பிரெட்டும் எண்ணெயும் முதலில், தக்காளி பிறகு

(கேட்டரிங் மாணவர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இத்தாலியச் சமையலைப் பற்றிப் பேசுவது என்றால் பாஸ்தா, பீட்சா என்று பெரிய தலைப்பு ஏதாவது இருக்கும் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது புரூஸ்கெட்டா. சுட்ட பிரெட் துண்டு. அதன் மேல் பூண்டு, உப்பு, ஆலிவ் எண்ணெய், நறுக்கிய தக்காளி, இரண்டு பேசில் இலை. அவ்வளவுதான். அரை மணி நேரத்துக்குள் முடிகிற வேலை. இதற்கு ஒரு சொற்பொழிவா என்று கேட்டால், ஆம், இதற்குத்தான் வேண்டும் என்பேன். பொருள்கள் குறையக் குறைய ஒவ்வொன்றின் பொறுப்பும் கூடுகிறது. ஆறே பொருளில் முடிகிற பதார்த்தத்தில் ஒன்று சோடை போனாலும் வாயில் வைத்தவுடன் தெரிந்துவிடும். மறைத்துக்கொள்ள மசாலா கிடையாது.

நம் ஊர் ஓட்டல்கள் பலவற்றில் இந்தப் பெயரில் தட்டுக்கு வருவது என்ன? இனிப்பு கலந்த, மெத்தென்ற பிரெட். அதன் மேல் காலையிலேயே நறுக்கி ஃபிரிட்ஜில் வைத்த தக்காளிக் கலவை. அதற்கு மேல் சீஸ், அதற்கும் மேல் கறுப்பாக ஒரு பால்சாமிக் கோடு. மேஜைக்கு வருவதற்குள் பிரெட் ஊறித் தொய்ந்துவிடுகிறது. கையில் எடுத்தால் பாதி தட்டிலேயே விழுகிறது. செய்தவரின் உழைப்பில் குறை இல்லை. இதைத் தக்காளிப் பதார்த்தம் என்று எண்ணிச் செய்வதில்தான் குறை. புரூஸ்கெட்டா அடிப்படையில் பிரெட்டும் எண்ணெயும் சேர்ந்த உணவு. தக்காளி பிற்பாடு வந்து சேர்ந்தது. நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். இதைப் புரிந்துகொண்டால் செய்முறையின் ஒவ்வொரு படியும் ஏன் என்று தானாகவே விளங்கிவிடும்.

பிரெட்டிலிருந்து தொடங்குகிறேன். புரூஸ்கெட்டாவின் தாய்மண் இத்தாலியின் நடுப்பகுதி. ரோம் நகரைச் சுற்றியுள்ள லாட்சியோ, அதற்குக் கிழக்கே அப்ரூட்சோ, வடக்கே உம்ப்ரியா, தஸ்கனி. இந்த வட்டாரத்துக் கிராமங்களில் அந்தக் காலத்தில் பிரெட்டை அன்றாடம் சுடுவதில்லை. கல்லடுப்பைச் சூடேற்ற விறகும் வேண்டும், பொழுதும் வேண்டும். அதனால் ஒரு தடவை அடுப்பு மூட்டினால் பல நாளைக்கு வருகிற மாதிரி பெரிய பெரிய பிரெட்டாகச் சுட்டு வைத்துக்கொள்வார்கள். தெற்கே பூலியா மாநிலத்தில் அல்தமூரா என்று ஓர் ஊர். அங்கே வீட்டில் பிசைந்த மாவை ஊர்ப் பொது அடுப்புக்குக் கொண்டுபோவது வழக்கம். எது யாருடையது என்று தெரிய வேண்டுமே, அதற்காகக் குடும்பத் தலைவரின் பெயரெழுத்தைச் செதுக்கிய முத்திரையை மாவில் பதித்துவிடுவார்கள். டியூரம் கோதுமையில் செய்யும் அந்த அல்தமூரா பிரெட்டுக்கு 2003-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பிறப்பிடப் பாதுகாப்பு கிடைத்தது. ரோமுக்குத் தெற்கே உள்ள ஜென்சானோ ஊரின் பிரெட்டுக்கு 1997-லேயே புவிசார் அங்கீகாரம் கிடைத்திருந்தது. உப்பே சேர்க்காமல் செய்யும் தஸ்கனி பிரெட்டுக்கு 2016-இல் கிடைத்தது. ஒரு ஊர் தன் பிரெட்டுக்காக இவ்வளவு மெனக்கெடுகிறது என்றால், அந்தப் பிரெட்டின் மேல் என்ன வைக்கிறோம் என்பது அங்கே இரண்டாவது கேள்விதான்.

பெரிய பிரெட் சில நாளில் இறுகிவிடும். ஈரம் போய்க் காய்வது மட்டும் அதற்குக் காரணம் இல்லை. சுடும்போது நீரை உறிஞ்சித் தளர்ந்த மாவுச்சத்து, ஆறிய பிறகு மெல்ல மெல்ல மறுபடி கெட்டிப்பட்டுப் படிகமாகிறது. ஃபிரிட்ஜின் குளிரில் இது இன்னும் வேகமாக நடக்கும். ஆகவே பிரெட்டை ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது என்பதை இன்றே மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இறுகிய பிரெட்டை சுமார் 60 டிகிரி செல்சியஸ் தாண்டிச் சூடாக்கினால் அந்த மாவுச்சத்து திரும்பவும் தளரும். பழைய பிரெட் துண்டை நெருப்பில் வாட்டியதும் உள்பக்கம் இளகுவது இதனால்தான். வெளிப்பக்கம் 140 டிகிரியைத் தாண்டும்போது மாவிலுள்ள சர்க்கரையும் புரதமும் வினைபுரிந்து பொன்னிறத்தையும் வறுபட்ட வாசனையையும் தருகின்றன. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி காமிய் மயார் 1912-இல் விவரித்த வினை இது. அந்த விவசாயக் குடும்பங்களுக்கு மயாரைத் தெரியாது. இறுகிப்போன பிரெட்டை எறிய மனமில்லாமல் தணலில் காட்டினார்கள். பழைய பிரெட்டை ஊறவைத்துக் காய்கறியுடன் பிசறும் பான்சனெல்லா, கீரையும் பீன்ஸும் சேர்த்துக் காய்ச்சும் ரிபொல்லீத்தா, தக்காளியில் வேகவிடும் பாப்பா அல் பொமொதோரோ என்று தஸ்கனிச் சமையலில் ஒரு வரிசையே இந்தச் சிக்கனத்தில் பிறந்தது. புரூஸ்கெட்டாவும் அந்த வரிசையைச் சேர்ந்ததே.

இப்போது எண்ணெய்க்கு வருவோம். தஸ்கனியில் ஆலிவ் அறுவடை அக்டோபர் பிற்பகுதியில் தொடங்கி நவம்பரில் மும்முரமாக நடக்கும். செக்கிலிருந்து புது எண்ணெய் இறங்கும் நாட்களில் அதைச் சுவைத்துப் பார்க்க அவர்களுக்குத் தெரிந்த நல்ல வழி ஒன்று உண்டு. பிரெட்டைத் தணலில் வாட்டி, பூண்டைத் தேய்த்து, மங்கலான பச்சை நிறத்தில் இருக்கும் புது எண்ணெயைத் தாராளமாக ஊற்றி, உப்பைத் தூவிச் சாப்பிடுவார்கள். தஸ்கனியில் இதன் பெயர் ஃபெத்துந்தா. இதில் தக்காளி இல்லை. நவம்பர் மாதத்தில் வயலில் தக்காளி ஏது? வடக்கே பியெத்மோந்தேயில் திராட்சை அறுவடைக்குப் போனவர்கள் பூண்டு தேய்த்த பிரெட்டைத் திராட்சைக் கொத்தோடு சேர்த்துச் சாப்பிட்டார்கள். அதிலும் தக்காளி இல்லை. பிரெட், பூண்டு, எண்ணெய், உப்பு ஆகிய நான்கும்தான் மூலம். மற்றதெல்லாம் வட்டாரத்துக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறுபவை.

நல்ல எண்ணெய் என்றால் என்ன? எக்ஸ்ட்ரா வெர்ஜின் என்று சொல்லிக்கொள்ள வேண்டுமானால் ஆலிவ் எண்ணெயின் அமிலத்தன்மை 0.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சுவையிலும் மணத்திலும் குறை இருக்கக் கூடாது. புதிய எண்ணெயை ஒரு கரண்டி குடித்துப் பாருங்கள். நாக்கின் ஓரத்தில் இலேசான கசப்பும், விழுங்கியபின் தொண்டையில் ஒரு காரலும் தெரியும். சிலருக்கு இருமலே வந்துவிடும். அந்தக் காரலுக்குக் காரணம் ஓலியோகந்தால் என்ற பொருள். இபுப்ரூஃபென் மாத்திரை செய்வது போன்ற வேலையை இது உடலில் செய்யக்கூடியது என்று 2005-இல் நேச்சர் இதழில் ஆய்வு வெளிவந்தது. காரல் இருப்பதால் எண்ணெய் கெட்டுவிட்டதாக நினைத்து ஒதுக்காதீர்கள். அது புதுமையின் அடையாளம். வெளிச்சமும் சூடும் காற்றும் இந்த எண்ணெய்க்குப் பகை. கறுத்த பாட்டிலில், அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள். திறந்தபின் சில வாரங்களில் தீர்த்துவிடுங்கள்.

தக்காளி எப்போது வந்தது? அமெரிக்கக் கண்டத்துச் செடி அது. ஸ்பானியர்கள் வழியாக ஐரோப்பாவுக்கு வந்தது. 1544-இல் மத்தியோலி என்ற இத்தாலிய மருத்துவர் அதைப் புது வகைக் கத்தரிக்காய் என்றே தம் மூலிகை நூலில் குறித்தார். 1548 அக்டோபர் 31 அன்று பீசா நகரில் தங்கியிருந்த டியூக் கோசிமோ தே மெடிசியின் குடும்பத்துக்கு அவர்களுடைய தோட்டத்திலிருந்து ஒரு கூடைத் தக்காளி வந்து சேர்ந்தது. அரண்மனைக் காரியஸ்தர் அதைக் கடிதத்தில் தெரிவித்திருக்கிறார். ஆனால் கூடையில் வந்தது அடுப்படிக்குள் நுழைய நெடுங்காலம் பிடித்தது. நச்சுச் செடிகள் உள்ள குடும்பத்தைச் சேர்ந்தது என்ற பயம் ஒருபுறம், உடம்புக்குக் குளிர்ச்சி என்ற எண்ணம் மறுபுறம். 1692-இல் நேப்பிள்ஸில் அந்தோனியோ லத்தீனி வெளியிட்ட சமையல் நூலில்தான் தக்காளிச் சாஸுக்கு ஒரு செய்முறை அச்சில் வருகிறது. அதைக் கவனியுங்கள்: தக்காளியைத் தணலில் சுட்டு, தோலை உரித்து, பொடியாக நறுக்கி, வெங்காயம், மிளகாய், காட்டு தைம், உப்பு, எண்ணெய், வினிகர் சேர்த்துக் கலக்க வேண்டும். கொதிக்க வைக்கச் சொல்லவே இல்லை. இன்றைக்கு நாம் பிரெட்டின் மேல் வைக்கும் கலவைக்கு இது மிக அருகில் இருக்கிறது.

அதன்பின் தக்காளி பரவியது. 1891-இல் பெல்லெக்ரீனோ அர்தூசி தம் புகழ்பெற்ற சமையல் நூலை வெளியிட்டபோது, ரொமாஞ்ஞா வட்டாரத்துப் பாதிரியார் ஒருவரைப் பற்றி அதில் எழுதினார். எல்லார் வீட்டு விவகாரத்திலும் தலையிடுகிறவர் என்பதால் ஊரார் அவருக்குத் தக்காளிப் பாதிரியார் என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்களாம். எந்தப் பாத்திரத்தைத் திறந்தாலும் தக்காளி இருக்கும் காலம் அதற்குள் வந்துவிட்டது. அப்படித்தான் அது சுட்ட பிரெட்டின் மேலும் ஏறி உட்கார்ந்தது. கோடையில் தக்காளி, நவம்பரில் புது எண்ணெய் என்று இரண்டு பருவத்துக்கு இரண்டு புரூஸ்கெட்டா அமைந்தது.

இனி செய்முறை. நான்கு பேருக்குக் கணக்குச் சொல்கிறேன். ஒன்றரை சென்டிமீட்டர் கனத்தில் நறுக்கிய பிரெட் எட்டுத் துண்டு, நன்கு பழுத்த தக்காளி அரைக் கிலோ, பூண்டு இரண்டு பல், எக்ஸ்ட்ரா வெர்ஜின் ஆலிவ் எண்ணெய் ஐந்தாறு மேஜைக்கரண்டி, பேசில் இலை பத்து, தேவையான உப்பு.

தக்காளியை ஃபிரிட்ஜில் வைத்திருக்கக் கூடாது. 2016-இல் புளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 5 டிகிரி குளிரில் ஒரு வாரம் வைத்த தக்காளியில் மணம் தரும் பொருள்களை உண்டாக்கும் மரபணுக்கள் அடங்கிப்போவதையும், வெளியே எடுத்து வைத்தாலும் மணம் முழுதாகத் திரும்பாததையும் காட்டினார்கள். சமைத்த குழம்பில் இந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது. பச்சையாகச் சாப்பிடும்போது அப்பட்டமாகத் தெரியும்.

தக்காளியை ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, அரைத் தேக்கரண்டி உப்பைக் கலந்து, வடிதட்டில் போட்டு, கீழே ஒரு கிண்ணம் வைத்துப் பதினைந்து நிமிஷம் விடுங்கள். உப்பு தண்ணீரை இழுக்கும். கிண்ணத்தில் சாறு சேரும். அந்தச் சாற்றைக் கொட்டிவிடாதீர்கள். தக்காளியின் விதையைச் சுற்றியுள்ள கூழில்தான் நாக்குக்கு நிறைவு தரும் குளூட்டமேட் சதையைவிட அதிகம். விதையை வழித்தெறியச் சொல்லும் செய்முறைகள் சுவையையும் சேர்த்து எறிந்துவிடுகின்றன. வடிந்த சாற்றில் இரண்டு கரண்டியை எண்ணெயோடு அடித்துத் தக்காளியின் மேல் திரும்ப ஊற்றுங்கள். மீதி சாலடுக்கு ஆகும்.

தக்காளி வடிந்துகொண்டிருக்கும்போது பிரெட்டைச் சுடுங்கள். கரித்தணல் இருந்தால் உத்தமம். இல்லையென்றால் நன்றாகக் காய்ந்த இரும்புத் தோசைக்கல் போதும். எண்ணெய், வெண்ணெய் எதுவும் தடவ வேண்டாம். வெறும் சூட்டில் சுட வேண்டும். பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிஷம் ஆகும். ஓரம் அங்கங்கே கருகினால் பரவாயில்லை. மேற்பரப்பு விரல் நகத்தால் தட்டினால் ஓசை வரும் அளவுக்கு மொறுமொறுப்பாகவும், நடுவில் அழுத்தினால் கொஞ்சம் இளகியும் இருக்க வேண்டும். முழுதும் காய்ந்து ரஸ்க் ஆகிவிட்டால் எண்ணெய் உள்ளே இறங்காது, கடிக்கும்போது நொறுங்கிவிடும்.

அடுத்து பூண்டு. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். பூண்டுப் பல்லைத் தோலுரித்துக் குறுக்கே ஒரு முனையை வெட்டுங்கள். கல்லிலிருந்து எடுத்த பிரெட்டின் மேல், சூடு இருக்கும்போதே, வெட்டுவாயை வைத்து இலேசாக ஒரு முறை இழுங்கள். சுட்டதால் சொரசொரப்பான மேற்பரப்பு அந்த இடத்தில் துருவியாக வேலை செய்கிறது. பூண்டு கரைந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பூச்சாகப் பிரெட்டில் ஏறுகிறது. செல்கள் உடைந்தவுடன் அதிலுள்ள நொதி சில நொடிகளிலேயே அல்லிசினை உண்டாக்குகிறது. மூக்கில் ஏறும் அந்த மணம் அதுதான். பிரெட்டின் சூட்டில் அதன் முரட்டுத்தனம் கொஞ்சம் தணிந்து வாசனை மட்டும் நிற்கும். பச்சைப் பூண்டைப் பொடியாக நறுக்கித் தக்காளியில் கலப்பவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் நேரம் ஆக ஆகக் காரம் ஏறி, தக்காளியையும் எண்ணெயையும் அமுக்கிவிடும். தேய்ப்பதே சரி. தொழில் செய்யப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் சொல்கிறேன். வேலை மிச்சம் என்று பச்சைப் பூண்டை எண்ணெயில் ஊறப்போட்டு வெளியே நாள்கணக்கில் வைக்காதீர்கள். காற்றில்லாத அந்த எண்ணெய்க்குள் போட்டுலிசம் என்ற உயிர்க்கொல்லி நோயை உண்டாக்கும் கிருமி வளர முடியும்.

பூண்டுக்குப் பின் உப்பு ஒரு சிட்டிகை, உடனே எண்ணெய். தக்காளிக்கு முன்னால் எண்ணெய் என்ற வரிசை முக்கியம். சூடான பிரெட் எண்ணெயை உள்ளே வாங்கிக்கொள்ளும். எண்ணெய் படிந்த பிரெட்டில் தக்காளி நீர் சட்டென்று இறங்காது. அதன்பின் தக்காளியைக் கரண்டியால் அள்ளி, பிரெட் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கே வையுங்கள். பேசிலைக் கத்தியால் முன்கூட்டி நறுக்கினால் வெட்டுவாய் கறுத்துவிடும்; பரிமாறும் நேரத்தில் கையால் கிள்ளிப் போடுங்கள். ஐந்து நிமிஷத்துக்குள் சாப்பிடுகிறவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். முன்கூட்டிச் செய்து அடுக்கி வைக்கிற பண்டம் இது அல்ல.

சீஸ், பால்சாமிக், மயோனைஸ் எல்லாம் வேண்டுமா? எண்ணெயும் பிரெட்டும் நன்றாக இருந்தால் எதுவும் வேண்டாம். அவை நன்றாக இல்லாவிட்டால் இவற்றால் காப்பாற்ற முடியாது.

நம் ஊரில் கிடைப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பால், சர்க்கரை சேர்த்த சாண்ட்விச் பிரெட் இதற்கு ஆகாது. சர்க்கரையால் சீக்கிரம் சிவந்துவிடும், உள்ளே வலு இருக்காது. இப்போது நகரங்களில் பல பேக்கரிகளில் சார்டோ பிரெட் கிடைக்கிறது. ஒரு நாள் பழையதாக வாங்குங்கள். நாட்டுத் தக்காளிக்குப் புளிப்பும் சாறும் அதிகம், ஆகவே உப்பிட்டு வடிப்பது கட்டாயம். கெட்டியான பெங்களூர்த் தக்காளி என்றால் வெளியே வைத்து முழுதாகப் பழுக்கவிட்டே எடுங்கள். பேசிலுக்கு எங்கே போவது என்று கலங்க வேண்டாம். நம் திருநீற்றுப்பச்சிலையும் இத்தாலியரின் பேசிலும் தாவரவியலில் ஒரே இனம். ஃபலூடாவில் போடும் சப்ஜா விதை அதனுடையதே. வகைக்கு வகை மணம் மாறுவதால், நம்முடையதன் இளந்தளிரைக் கொஞ்சமாகச் சேர்த்துப் பாருங்கள். துளசி வேறு இனம். அதன் கிராம்பு வாசனை இந்த இடத்தில் ஒட்டாது.

இத்தாலியச் சாப்பாட்டில் புரூஸ்கெட்டாவின் இடம் முதல் பந்தியான ஆன்டிபாஸ்தோ. பின்னால் பாஸ்தாவும், அதன்பின் இறைச்சியோ மீனோ வரப்போகின்றன. பசியைத் தூண்டுவதே இதன் கடமை. ஆளுக்கு இரண்டு துண்டு போதும். இதைவிடச் சிறிய, மெல்லிய துண்டுகளில் கோழி ஈரல் விழுது போன்றவற்றைத் தடவித் தருவது குரோஸ்தீனி. மெனு எழுதும்போது இரண்டையும் குழப்பாதீர்கள்.

மாணவர்களே, பெரிய சமையலறைகளில் உங்களுக்கு நூறு பதார்த்தம் கற்றுத் தருவார்கள். ஆனால் ஒரு பொருள் நல்லதா இல்லையா என்று நாக்கால் தீர்மானிக்கும் திறமையை நீங்களேதான் வளர்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை. இந்த வாரமே செய்து பாருங்கள். முதல் துண்டைத் தக்காளி இல்லாமல் செய்யுங்கள்: பிரெட், பூண்டு, உப்பு, எண்ணெய் மட்டும். அது தனியாகவே நன்றாக இருந்தால் அடுத்த துண்டில் தக்காளியை வையுங்கள். நன்றாக இல்லையென்றால் தக்காளியைத் தேடிப் போகாதீர்கள். பிரெட்டை மாற்றுங்கள், அல்லது எண்ணெயை மாற்றுங்கள்.